ஆப்ராம் ஹியூவிட்: இரும்பாலை முதலாளி, காங்கிரஸ் உறுப்பினர், நியூயார்க் மேயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்ராம் ஹியூவிட் யார்?

ஆப்ராம் ஸ்டீவன்ஸ் ஹியூவிட் (1822–1903) அமெரிக்காவின் முன்னணி இரும்பு உற்பத்தியாளர்களில் ஒருவர். நியூஜெர்சி மாநிலம் டிரென்டனில் உருட்டாலை, பிலிப்ஸ்பர்க்கில் ஊதுலைகள், ஆண்டோவரிலும் ரிங்வுட்டிலும் சுரங்கங்கள் என்று அவர் தொழில் பரவியிருந்தது. 1875 முதல் 1886 வரை, நடுவில் இரண்டாண்டு இடைவெளியுடன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருந்தார். 1876 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைவர். 1887, 1888 ஆகிய இரண்டு ஆண்டுகள் நியூயார்க் மேயர். அந்நகரின் சுரங்க ரயில் எந்த நிதி ஏற்பாட்டில் பிறந்ததோ, அதை முதலில் எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

கார்னகி, ராக்ஃபெல்லர் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. அவர்களைப் போலப் பெரும் செல்வம் அவர் சேர்க்கவில்லை என்பதும், அவர் தொடங்கிய பல வேலைகளை வேறு கைகள் முடித்தன என்பதும் காரணங்கள். ஆனால் இரும்பு கணக்கு தெரிந்த ஒருவர் அரசியலுக்கு வந்தால் என்னென்ன செய்ய முடியும், எங்கே சறுக்குவார் என்று பார்க்க இவரைவிடப் பொருத்தமான ஆள் அந்த நூற்றாண்டில் இல்லை.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளை இரும்புத் தொழிலுக்குள் எப்படி வந்தார்?

தந்தை ஜான் ஹியூவிட் இங்கிலாந்திலிருந்து வந்த இயந்திர வினைஞர். பிலடெல்பியா குடிநீர்த் திட்டத்துக்கு நீராவி இயந்திரம் அமைக்க 1790-களில் வந்து, இங்கேயே தங்கிவிட்டார். ஆப்ராம் 1822 ஜூலை 31 அன்று நியூயார்க் மாநிலம் ஹேவர்ஸ்ட்ராவில் பிறந்தார். குடும்பத்தில் காசு தங்கவில்லை. உதவித்தொகையில் கொலம்பியா கல்லூரியில் படித்து, 1842-ல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

திருப்பம் வந்தது டியூஷன் சொல்லிக் கொடுத்த இடத்தில். பசைத் தொழிலில் பணம் சேர்த்தவரும், 1830-ல் ‘டாம் தம்ப்’ ரயில் இன்ஜினை உருவாக்கியவருமான பீட்டர் கூப்பரின் மகன் எட்வர்ட், ஹியூவிட்டிடம் படித்தார். இருவரும் 1844-ல் ஐரோப்பா சென்றார்கள். திரும்பும்போது, டிசம்பரில், அவர்கள் வந்த ‘அலபாமியன்’ கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. உயிர்காப்புப் படகில் தத்தளித்தவர்களை வேறொரு கப்பல் மீட்டது. அதன் பிறகு எட்வர்ட் வாழ்நாள் கூட்டாளி ஆனார். ஹியூவிட் சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தாலும், கண்பார்வை பலவீனம் அந்த வழியை அடைத்தது. 1845-ல் பீட்டர் கூப்பர் தன் இரும்பு வேலையை டிரென்டனுக்கு மாற்றியபோது, நடத்தும் பொறுப்பு இந்த இரண்டு இளைஞர்கள் கைக்கு வந்தது. 1855-ல் ஹியூவிட் கூப்பரின் மகள் சாரா அமீலியாவை மணந்தார். மாமனார் வீட்டுச் செல்வாக்கால் வளர்ந்தவர் என்று சிலர் சொல்வது காலவரிசைக்குப் பொருந்தாது. திருமணத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பே ஆலையின் சுமை அவர் தலையில் இருந்தது.

டிரென்டனில் இரும்பு எப்படித் தயாரானது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

1. தாது: சசெக்ஸ் வட்டாரத்தில் உள்ள ஆண்டோவர் சுரங்கத்தை 1847-ல் வாங்கினார்கள். அங்கிருந்து வாட்டர்லூவில் உள்ள மோரிஸ் கால்வாய் வரை, கோவேறு கழுதைகள் வண்டி இழுக்கும் ரயில் பாதை போட்டார்கள். பிறகு படகு.

2. ஊதுலை: பிலிப்ஸ்பர்க் டெலவேர் ஆற்றங்கரையில், மோரிஸ் கால்வாய் முடியும் இடத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் லீஹை பள்ளத்தாக்கின் ஆந்த்ரசைட் நிலக்கரி வந்து இறங்கும். தாதும் கரியும் சந்திக்கும் புள்ளியில் உலையை வைத்தது சரியான முடிவு. தாது, கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் மேலிருந்து கொட்டி, கீழிருந்து சூடான காற்றை ஊதினால் வார்ப்பிரும்பு வடியும். அதில் கரிமம் ஏறக்குறைய 4 சதவீதம். அடித்தால் உடையும்.

3. கிளறுலை: வார்ப்பிரும்பை வளைந்து கொடுக்கும் தேனிரும்பாக மாற்றும் இடம் இதுதான். ஏறத்தாழ 200 கிலோ வார்ப்பிரும்பை உலையில் இட்டு உருக்கி, நீண்ட இரும்புக் கோலால் ஒருவர் கிளறிக்கொண்டே இருப்பார். கரிமம் எரியஎரிய இரும்பின் உருகுநிலை ஏறும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த உலையால் அவ்வளவு சூடு தர முடியாது. அதனால் உருகிய இரும்பு மெல்ல மெல்லக் கெட்டியாகிக் களியாகத் திரளும். அதைப் பல உருண்டைகளாக உருட்டி எடுப்பார்கள். ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

4. உருட்டாலை: உருண்டையை அமுக்கிக் கசடைப் பிழிந்து, பட்டையாக உருட்டி, வெட்டி, அடுக்கி, மறுபடி காய்ச்சி, மறுபடி உருட்டினால் தண்டவாளமோ கம்பிக்கான கோலோ கிடைக்கும்.

இதில் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் மூன்றாவது படி. கிளறுபவர் அவசரப்பட்டால் கரிமம் திட்டுத்திட்டாகத் தங்கும். கசடு சரியாகப் பிழியப்படாவிட்டால் உருட்டும்போது அது நாராக உள்ளே படிந்து, பிறகு சுமையேறிய தண்டவாளத்தில் ஏடு ஏடாக உரியும். எல்லாம் ஒருவரின் கண்ணிலும் தோளிலும் இருந்தது. எந்திரத்தால் வேகப்படுத்த முடியாத இந்த ஒரு படிதான் இரும்பின் விலையைத் தீர்மானித்தது. ஹியூவிட் பிற்காலத்தில் எஃகைத் தேடி ஐரோப்பா முழுக்க அலைந்ததற்கும் இதுவே காரணம்.

ஹியூவிட் உலையடியில் நின்றவர் அல்ல. டிரென்டன் ஆலையின் அன்றாட வேலையைத் தம்பி சார்லஸ் பார்த்தார். தாது எங்கே வாங்குவது, ஒரு டன் எந்த வழியில் வந்தால் எவ்வளவு அடங்கும், ஆர்டர் எங்கே இருக்கிறது, கடன் எப்போது முதிர்கிறது என்பதெல்லாம் ஆப்ராமின் பொறுப்பு.

தண்டவாளம் நன்றாக விற்றபோது ஏன் கம்பிக்கும் உத்திரத்துக்கும் மாறினார்கள்?

நன்றாக விற்றது கொஞ்ச காலம்தான். முதல் பெரிய வாடிக்கையாளர் கேம்டன் அண்ட் ஆம்பாய் ரயில் நிறுவனம். 1846-ல் அமெரிக்கா இறக்குமதி வரியைக் குறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலிவான ஆங்கிலத் தண்டவாளம் துறைமுகங்களில் குவிந்தது. அந்த விலைக்கு டிரென்டனால் போட்டி போட முடியவில்லை. ஆண்டோவர் தாதிலிருந்து வந்த இரும்பு தரமானது. தரத்துக்கு விலை கொடுக்கும் பொருள் எது என்று பார்த்தபோது தந்திக் கம்பியும் கம்பி வடமும் கண்ணில் பட்டன. கம்பி வடம் செய்த ஜான் ரோப்ளிங் 1849-ல் தன் பட்டறையை டிரென்டனுக்குக் கொண்டுவந்ததில் இந்த இரும்புக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவின் முதல் இரும்பு உத்திரத்தை உருட்டியது அவரா?

கட்டடத்துக்கான தேனிரும்பு உத்திரத்தை அமெரிக்காவில் முதலில் உருட்டியது டிரென்டன் ஆலை, 1854-ல். உயரம் 7 அங்குலம், அதாவது 18 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீட்டர் கூப்பர் தான் கட்டிக்கொண்டிருந்த கூப்பர் யூனியன் கல்விக்கூடம் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மரத்தளம் எரியும், வார்ப்பிரும்பு உத்திரம் வளையாமல் திடீரென முறியும். ஆகவே தேனிரும்பு. ஆனால் முதலில் தேறி வந்த உத்திரங்கள், 1853 டிசம்பரில் எரிந்துபோன ஹார்ப்பர் பதிப்பகத்தின் புதிய கட்டடத்துக்குப் போயின.

எளிதான வேலை இல்லை அது. உத்திரத்தின் நடுத்தகடு மெல்லியது, விளிம்புகள் தடித்தவை. தகடு சீக்கிரம் ஆறும். விளிம்பு சூடாகவே இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நீளாததால் ஓரங்கள் கிழியும். அடுக்கிக் காய்ச்சிய பட்டைகள் நடுவரை சூடேறாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. வெளியில் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பிளவு இருக்கும். இதற்கென்றே தனி உருட்டு இயந்திரம் அமைக்க வேண்டியிருந்தது. பணமும் காலமும் கரைந்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரும்பு எரியாது என்பதால் தீயைத் தாங்கும் என்று பொருளில்லை. 550 டிகிரி வாக்கில் அது வலுவில் பாதியை இழந்து தொய்யத் தொடங்கும். உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு கட்டி மூடும் முறை அதனால்தான் கூடவே வந்தது.

எஃகை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் என்கிறார்களே?

இரண்டு முறை முயன்றார். இரண்டிலும் முன்னோடி, இரண்டிலும் லாபம் பார்க்கவில்லை.

1856 ஆகஸ்டில் ஹென்றி பெஸ்ஸெமர், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதியே எஃகு செய்யலாம் என்று இங்கிலாந்தில் அறிவித்தார். அதே ஆண்டில் ஹியூவிட் பிலிப்ஸ்பர்க்கில் சோதனைக் கருவி அமைத்துப் பார்த்தார். தேறவில்லை. அன்று யாருக்குமே தேறவில்லை என்பதுதான் உண்மை. காற்று கரிமத்தை எரித்தது. தாதிலிருந்து வந்த பாஸ்பரஸை அகற்றவில்லை. பாஸ்பரஸ் தங்கிய எஃகு குளிரில் உடையும். ஊதிய பிறகு உள்ளே தங்கும் ஆக்சிஜன், சூட்டில் உருட்டும்போது வெடிப்பை உண்டாக்கும். மாங்கனீஸ் கலந்த இரும்பைக் கடைசியில் சேர்த்தால் இந்த இரண்டாவது குறை தீரும் என்பதை ராபர்ட் முஷெட் கண்டுபிடித்த பிறகுதான் முறை கைகூடியது.

இரண்டாவது முயற்சி திறந்த அடுப்பு உலை. 1867 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஹியூவிட் அமெரிக்க ஆணையராகப் போனார். இரும்பு, எஃகு உற்பத்தி பற்றியும் அத்தொழிலாளர் நிலை பற்றியும் அவர் எழுதிய அறிக்கை துறைக்காரர்கள் கையில் நெடுநாள் இருந்தது. அந்த உலைக்கான சீமன்ஸ்–மார்ட்டின் முறையின் உரிமத்துடன் திரும்பினார். 1868-ல் டிரென்டனில் அமெரிக்காவின் முதல் திறந்த அடுப்பு உலை எழுந்தது. கட்டியவர் பொறியாளர் பிரெடரிக் ஸ்லேட். வெளியேறும் புகையின் சூட்டைச் செங்கல் அறைகளில் பிடித்து வைத்து, உள்ளே வரும் காற்றையும் எரிவாயுவையும் அதே அறைகள் வழியாக விட்டுக் காய்ச்சுவது இம்முறையின் உயிர். அப்படி ஏறும் வெப்பத்தில்தான் எஃகு முழுதாக உருகும். ஆனால் அந்த வெப்பத்தைத் தாங்கும் உலைச் செங்கல் அமெரிக்காவில் அப்போது கிடைக்கவில்லை. கூரை உருகி விழுந்தால் உலையே நின்றுவிடும். வேலை தொழிலாக நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்க எஃகின் பெரும்பகுதி இதே முறையில் வந்தது.

உள்நாட்டுப் போரில் அவர் பங்கு என்ன?

துப்பாக்கிக் குழல் இரும்பு. அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை அந்த இரும்பை இங்கிலாந்திலிருந்து வாங்கிவந்தது. போர்க்காலத்தில் அந்த வழி அடைபட்டால் துப்பாக்கி உற்பத்தியே நிற்கும். ஹியூவிட் 1862-ல் இங்கிலாந்து போய்ச் செய்முறையை அறிந்துவந்து, டிரென்டனில் அதைத் தயாரித்தார். ஏறத்தாழ அடக்க விலைக்கே அரசுக்குக் கொடுத்தார். அதே ஆண்டு தொடக்கத்தில், லிங்கன் அரசு அவசரமாகக் கேட்ட பீரங்கித் தாங்கிகளையும் குறுகிய காலத்தில் செய்து அனுப்பினார்.

அரசியலுக்கு எப்போது, ஏன்?

1871. நியூயார்க் நகராட்சியைக் கொள்ளையடித்த ட்வீட் கும்பல் அம்பலமான நேரம். ஜனநாயகக் கட்சியின் நகரக் கிளையான டாமனி ஹாலைச் சீரமைக்க சாமுவேல் டில்டன் இறங்கினார். ஹியூவிட்டும் எட்வர்ட் கூப்பரும் உடன் நின்றார்கள். 1874-ல் ஹியூவிட் காங்கிரஸுக்குத் தேர்வானார். அப்போது 1873-ன் நிதி நெருக்கடி இரும்புத் தொழிலை முடக்கியிருந்தது. ஆலையை நட்டத்தில் ஓட்டிக்கொண்டே அவர் வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தார்.

1876 தேர்தலில் அவர் தவறு செய்தாரா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

டில்டன் வேட்பாளர், ஹியூவிட் கட்சியின் தேசியக் குழுத் தலைவர். மக்கள் வாக்கில் டில்டன் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸைவிடச் சுமார் இரண்டரை லட்சம் முன்னே. ஆனால் முடிவு செய்வது மாநிலவாரியாக எண்ணப்படும் தேர்வாளர் வாக்கு. வெற்றிக்கு 185 வேண்டும். டில்டனிடம் தகராறில்லாத 184 இருந்தது. புளோரிடா 4, லூசியானா 8, தென் கரோலினா 7, ஆரிகன் 1 என்று 20 வாக்குகளுக்கு இரு தரப்பும் உரிமை கோரின. ஒன்று கிடைத்தால் போதும் டில்டனுக்கு. இருபதும் வேண்டும் ஹேய்ஸுக்கு.

செனட் குடியரசுக் கட்சி வசம், பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சி வசம். யார் எண்ணுவது என்று அரசியல் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. 1877 ஜனவரியில் 15 பேர் கொண்ட தேர்தல் ஆணையத்துக்குச் சட்டம் வந்தது: செனட்டர்கள் 5, சபை உறுப்பினர்கள் 5, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 5. கட்சிக்கு ஏழு பேர் போக, எந்தப் பக்கமும் சாராதவராகக் கருதப்பட்ட நீதிபதி டேவிட் டேவிஸ் பதினைந்தாமவராக வருவார் என்பது ஹியூவிட் தரப்பின் கணக்கு. அந்தக் கணக்கை உடைத்தது அவர்கள் கட்சியினரே. இல்லினாய் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சியினர் டேவிஸை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஆணையத்துக்கு வர மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்த ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சிக்காரர். 20 வாக்குகளும் 8-க்கு 7 என்று ஹேய்ஸுக்குப் போயின. மார்ச் 2 அதிகாலையில் 185–184 என அறிவிப்பு.

ஆணையத்தை ஏற்றதற்காக ஹியூவிட்டைக் கோழை என்றார்கள். அவர் தலைவர் பதவியை விட்டு விலகினார். எங்கள் கருத்து: அவர் ஏற்றிருக்காவிட்டால் இரண்டு பேர் பதவியேற்றிருப்பார்கள், உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆன நாட்டில் அது விளையாட்டல்ல. அவர் பிழை, பதினைந்தாவது ஆள் யார் என்பது எழுத்தில் உறுதியாகும் முன்பே ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. தொழிலில் இப்படி ஒரு ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருக்க மாட்டார்.

அதே தேர்தலில் மாமனார் பீட்டர் கூப்பர், 85 வயதில், கிரீன்பேக் கட்சி வேட்பாளராக நின்றார். மாப்பிள்ளை வேறொருவருக்காக வேலை செய்தார். குடும்ப உறவு கெடவில்லை.

இரும்பு முதலாளி என்றால் இறக்குமதி வரியை ஆதரிக்க வேண்டுமே?

பென்சில்வேனியா முதலாளிகள் பெரும்பாலும் ஆதரித்தார்கள். ஹியூவிட் வரியைச் சீர்திருத்தக் கோரினார். இரும்புத் தாது, நிலக்கரி போன்ற மூலப்பொருள்களுக்கு வரி கூடாது என்பது அவர் நிலைப்பாடு. மூலப்பொருள் மலிந்தால் கிழக்குக் கரை ஆலைகள் பிழைக்கும் என்ற சொந்த நலனும் அதில் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 1878-ல் தொழிலாளர் வேலையின்மைக்கும் தொழில் முடக்கத்துக்கும் காரணம் ஆராய்ந்த சபைக் குழுவுக்கும் அவரே தலைவர்.

நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவருடைய காங்கிரஸ் வாழ்க்கையில் நிலைத்து நின்ற வேலை இது. 1870-களில் மேற்குப் பகுதிகளை ஹேடன், பவல், வீலர் ஆகியோரின் மூன்று அரசு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அளந்துகொண்டிருந்தன. ஒரே மலைத்தொடரை இருவர் வரைவார்கள். எந்த வரைபடமும் மற்றதோடு பொருந்தாது. ஹியூவிட் 1878-ல் தேசிய அறிவியல் கழகத்திடம் கருத்துக் கேட்கும்படி செய்தார். ஒரே நிறுவனமாக்குங்கள் என்று கழகம் சொன்னது. 1879 பிப்ரவரியில் சபையில் அவர் பேசிய பேச்சின் சாரம்: இந்த மண்ணில் தோண்டி எடுக்கவோ அறுவடை செய்யவோ கூடியது என்ன இருக்கிறது, அது எங்கே எப்படிக் கிடக்கிறது என்று அறியாமல் நாடு செல்வம் சேர்க்க முடியாது. தாது வாங்கிப் பழகியவரின் கேள்வி அது.

மேற்குப் பகுதி உறுப்பினர்கள் நில அளவை உரிமை பறிபோகும் என்று எதிர்த்தார்கள். தனி மசோதாவாகப் போனால் தோற்கும் என்பதால், அது செலவின மசோதாவுக்குள் ஒரு பத்தியாக நுழைந்தது. மார்ச் 3 அன்று கையெழுத்தானது. கையெழுத்திட்டவர் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ். முதல் இயக்குநர் கிளாரன்ஸ் கிங்.

புரூக்ளின் பாலக் கம்பி மோசடியில் அவர் பெயர் ஏன் வருகிறது?

மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும், கம்பி வடங்களில் தொங்கும் இந்தப் பாலத்தின் அறங்காவலர்களில் ஹியூவிட் ஒருவர். 1876-ல், பாலத்தின் அதிகாரி அல்லது பொறியாளருக்குப் பங்குள்ள எந்த நிறுவனமும் கம்பிக்கு டெண்டர் போடக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். குறி, தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கின் குடும்ப நிறுவனம். காகிதத்தில் நேர்மையான விதிதான். ஒப்பந்தம் புரூக்ளினைச் சேர்ந்த லாயிட் ஹெய்குக்குப் போனது. ஹெய்கின் ஆலை மீது ஹியூவிட்டுக்கு அடமான உரிமை இருந்ததாகவும், பால ஒப்பந்தத்தில் ஹெய்குக்கு வரும் வருமானத்தில் ஒரு பங்கு அந்தக் கடனுக்குப் போக ஏற்பாடு இருந்ததாகவும் ரோப்ளிங் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

மோசடி நடந்த விதம்: ஆலையில் ஆய்வாளர் நல்ல கம்பிச் சுருள்களைச் சோதித்துச் சான்று தருவார். வண்டி பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு கட்டடத்தில் நின்று, நல்ல சுருளை இறக்கி, கழித்துப்போட்ட சுருளை ஏற்றிக்கொள்ளும். சான்று அப்படியே இருக்கும். நல்ல சுருள் ஆலைக்குத் திரும்பி மறுநாள் மறுபடி சோதனைக்கு வரும். 1878-ல் சோதித்த சுருள்களில் இரகசியக் குறியிட்டுப் பின்தொடர்ந்தபோதுதான் பிடிபட்டது. அதற்குள் கெட்ட கம்பி வடங்களுக்குள் சுற்றப்பட்டுவிட்டது, பிரித்தெடுக்க முடியாது.

பாலம் பிழைத்தது ரோப்ளிங்கின் முன்யோசனையால். தேவைக்கு ஆறு மடங்கு வலுவில் அவர் வடங்களை வகுத்திருந்தார். மோசக் கம்பியால் அது ஐந்து மடங்காகக் குறையும் என்று கணக்கிட்டு, வடம் ஒன்றுக்குச் சுமார் 150 கம்பி கூடுதலாக, ஹெய்கின் செலவிலேயே சேர்க்கச் செய்தார். 1883 மே 24 திறப்பு விழாவில் முதன்மை உரை நிகழ்த்தியவர் ஹியூவிட். நல்ல உரை. ஆனால் தரம் தெரிந்த இரும்புக்காரர், தரமான கம்பி செய்யும் ஆளை ஒதுக்கும் விதியை எழுதினார் என்பதை அது அழிக்காது.

ரூஸ்வெல்ட்டைத் தோற்கடித்தவர் இவரா?

ஆம், 1886 நவம்பரில். தொழிலாளர் கட்சி சார்பில் நில வரிக் கொள்கைக்குப் புகழ்பெற்ற ஹென்றி ஜார்ஜ் நின்றார். அவர் வென்றுவிடுவார் என்ற பயத்தில் டாமனி ஹால், மதிப்புள்ள முகம் தேடி ஹியூவிட்டிடம் வந்தது. குடியரசுக் கட்சிக்கு, பின்னாளில் குடியரசுத் தலைவரான, அப்போது 28 வயது தியடோர் ரூஸ்வெல்ட். முடிவு: ஹியூவிட் 90,552, ஜார்ஜ் 68,110, ரூஸ்வெல்ட் 60,435.

பிறகு ஏன் இரண்டே ஆண்டில் பதவி போனது?

தேர்ந்தெடுத்த டாமனிக்கு அவர் பதவிகளைப் பங்கிட்டுத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தினார். 1888-ல் அயர்லாந்துக்காரர்களின் விழாவான புனித பேட்ரிக் நாளில் நகர மண்டபத்தில் அயர்லாந்துக் கொடி ஏற்றவும், ஊர்வலத்தைப் பார்வையிடவும் மறுத்தார். நகர மண்டபத்தில் அமெரிக்கக் கொடிகளே பறக்கட்டும் என்பது ஒரு வாதம். ஆனால் அத்துடன் நிறுத்தாமல், குடியேறிகளைக் கடிந்து பேசினார். இங்கிலாந்துக் குடியேறியின் மகன் அப்படிப் பேசியது ஐரிஷ் மக்களைச் சரியாகவே புண்படுத்தியது. தேர்தலில் டாமனியின் ஹக் கிராண்ட் வென்றார்.

அவர் காலத்தின் நல்ல பக்கம் 1887-ன் சிறு பூங்காச் சட்டம். நெரிசல் குடியிருப்புகளை இடித்துப் பூங்கா அமைக்க ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை செலவிட அது வழி செய்தது.

நியூயார்க் சுரங்க ரயிலின் தந்தை என்று அவரை அழைப்பது சரியா?

நிதி ஏற்பாட்டைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. 1888 ஜனவரி 31 அன்று மேயராக அவர் அனுப்பிய செய்தியின் எலும்புக்கூடு இது: தனியார் நிறுவனம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கிச் சுரங்கம் தோண்டினால் கட்டணம் கட்டுப்படியாகாது. நகரத்துக்கோ குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். ஆகவே நகரம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பாதையைக் கட்டி, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டும் நிறுவனம் குத்தகையாக, வட்டியையும் அசலைத் தீர்க்க ஒரு சிறு பங்கையும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். குத்தகை முடியும்போது கடனும் தீரும், பாதையும் நகரத்துடையது.

மாநிலச் சட்டமன்றம் அன்று கண்டுகொள்ளவில்லை. 1894-ல் சட்டமும் வாக்கெடுப்பும் இதே கருத்தை ஏற்றன. 1900-ல் ஜான் மெக்டொனால்டுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாருங்கள்: கட்டுமானம் 3.5 கோடி டாலர், குத்தகை 50 ஆண்டு, நீட்டிப்பு 25 ஆண்டு, ஆண்டு வாடகை பத்திர வட்டியும் கூடவே 1 சதவீதமும். ஹியூவிட்டின் சட்டகம் அப்படியே இருக்கிறது.

1904 அக்டோபர் 27 அன்று 28 நிலையங்களுடன் முதல் பாதை திறந்தது. அவர் 1903 ஜனவரி 18 அன்றே, 80 வயதில், காலமாகியிருந்தார்.

அவர்மீது எழும் வேறு முக்கியக் குற்றச்சாட்டு?

1880 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெளிவந்த மோரி கடிதம். சீனத் தொழிலாளர் வருகையைக் குடியரசுக் கட்சி வேட்பாளர் கார்ஃபீல்டு ஆதரிப்பதாகக் காட்டிய அந்தக் கடிதம் போலி. கையெழுத்து உண்மையானது என்று ஹியூவிட் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். கார்ஃபீல்டு மறுத்தார், போலி என்பது நிலைநாட்டப்பட்டது. ஹியூவிட்டின் தீர்ப்புத்திறன் மீது இருந்த நம்பிக்கை அதில் அடிபட்டது.

கூப்பர் யூனியனில் அவர் வேலை என்ன?

நிறுவியவர் பீட்டர் கூப்பர், நடத்தியவர் ஹியூவிட். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அறங்காவலர் குழுச் செயலாளர். 1902-ல் வாஷிங்டனில் கார்னகி அறிவியல் நிறுவனம் தொடங்கியபோது அதன் அறங்காவலர் குழுவின் முதல் தலைவரும் இவரே. அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் கழகத்துக்கு 1876-லும் 1890-லும் தலைவர்.

பெயர்கள் குழம்புகின்றன. யார் யார்?

பீட்டர் கூப்பர் மாமனார். எட்வர்ட் கூப்பர் மைத்துனர். 1879–80-ல் அவரும் நியூயார்க் மேயர். பீட்டர் கூப்பர் ஹியூவிட் என்பவர் ஆப்ராமின் மகன், பாதரச ஆவி விளக்கைக் கண்டுபிடித்தவர். கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தை 1897-ல் தொடங்கியவர்கள் மகள்கள் சாராவும் எலினரும்.

இன்று எங்கெல்லாம் பார்க்கலாம்?

நியூஜெர்சியின் ரிங்வுட் மாளிகை முதலிடம். 1850-களில் சுமார் 22,000 ஏக்கர் சுரங்க நிலத்துடன் வாங்கப்பட்டு, பிறகு குடும்பத்தின் கோடை வீடானது. மகன் எர்ஸ்கின் 1930-களில் மாநிலத்துக்குக் கொடுத்ததால் இப்போது அரசுப் பூங்கா. மன்ஹாட்டனில் ஆஸ்டர் பிளேஸ் அருகே கூப்பர் யூனியனின் பழைய கட்டடம் இயங்குகிறது. அருங்காட்சியகம் ஐந்தாம் அவென்யூவும் 91-ம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஆண்ட்ரூ கார்னகி வாழ்ந்த மாளிகையில் இருக்கிறது. 1904-ன் சிட்டி ஹால் நிலையம் 1945-ல் மூடப்பட்டது; 6-ம் எண் ரயில் கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பும் வளைவில் அதன் ஓடு பதித்த வளைகூரையைச் சன்னல் வழியே பார்க்க முடியும். கல்லறை புரூக்ளினின் கிரீன்வுட் இடுகாட்டில் உள்ளது.